நெட்டையருக்காக விட்ட கறி

அன்பான மாமா,

ஒரு சேதி இருக்கிறது. எடுத்த எடுப்பில் சொன்னால், "மொதல்ல இருந்து சொல்லு புள்ள" என்று கையை நீட்டி மறிப்பீர்கள். அதனால் மொதலில் இருந்தே சொல்கிறேன். பக்கத்தில் நின்று இதை எட்டிப் படிக்கிறவர்களுக்கும் புரியட்டும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, உங்களுக்கு முதல் வருசப் படையல். உங்கள் அக்கா விடியும் முன்பே திருச்செங்கோட்டில் இருந்து கறிப் பையோடு வந்து இறங்கிவிட்டார். நான் உங்கள் இலையில் கறி வைக்க முடியாது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைத்தான் நேரில் வந்து கேட்டார்.

"செத்தவனுக்கு என்ன சரசு சத்தியம்? கறின்னா உசுர விடுவான் என் தம்பி. அவனுக்குக் கீரையும் பருப்பும் வெச்சா வந்து வாங்குவானா?"

"உசுரோட இருந்தப்பவே தொடலீங்க அண்ணி. கண்ணு மூடுனதும் அவரு பேச்ச நான் முறிக்கவா?" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

இந்தச் சண்டைக்கெல்லாம் காரணம் பிரான்சில் கால்பந்து விளையாடுகிற ஒரு மனிதர். அவர் பெயர் என் வாய்க்குள் இதுவரை நுழைந்ததில்லை. ஆள் நல்ல உயரம் என்பதால் நம் வீட்டில் அவர் நெட்டையர். போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு நீங்கள் செனகலுக்குப் போயிருந்தபோது, கேம்ப்பில் எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்து பிரெஞ்சு ஆட்டம் பார்ப்பார்களாம். அவர் அப்போது ஏதோ சின்ன ஊர் டீமில், கீழ் டிவிஷனில் முன்வரிசை ஆட்டக்காரர். காலையில் மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டுச் சாயங்காலம் பயிற்சிக்குப் போகிற ஆள் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்றோடு அவர் உங்களுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

ஊருக்கு வந்த பிறகாவது விட்டீர்களா? நம் மகள் ரம்யா போனில் ஆட்டம் வரவைத்துக் கொடுக்க, அதை டிவியில் மாட்டி, அந்த மனிதரின் பிழைப்பையே கூடவிருந்து பார்த்தீர்கள். பெரிய டீம் ஒன்று அவரை எடுத்தது. எடுத்து, ஓரத்தில் உட்காரவைத்தது. கிடைத்த நேரத்தில் கோல் போட்டார். நாட்டுக்காக ஒரே ஒரு தடவை இறங்கினார், அதுவும் ஆட்டம் முடிகிற நேரத்தில். பந்து அவர் காலில் படவே இல்லை. அதற்கே தெரு முழுக்கக் காரச்சேவு வாங்கிக் கொடுத்த ஆள் நீங்கள்.

"ஏனுங்க, அவனவன் கோல் மேல கோலாப் போடுறான். இவருகிட்ட என்னத்தக் கண்டீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பந்து எங்க வந்து விழும்னு யாருக்கும் தெரியாது புள்ள. இவரு ஓடி வந்து நிப்பாரு. வராது. மறுக்கா ஓடி வந்து நிப்பாரு. அப்பவும் வராது. அதுக்காக அடுத்த தடவ நடந்து வருவாருன்னு நெனைக்காத. அதே ஓட்டந்தான் ஓடுவாரு."

பிறகு நானும் கவனித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது வாஸ்தவம்தான். கையைத் தூக்கிப் பந்து கேட்பார், கூட ஆடுகிறவன் தானே அடித்து வானத்துக்கு அனுப்புவான். இவர் முகம் சுளிக்காமல் அவனுக்குக் கை தட்டிவிட்டுத் திரும்பி ஓடுவார். எனக்கும் அந்த மனிதரைப் பிடித்துப்போனது. உங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தலைமேல் ஏறி உட்கார்ந்திருப்பீர்கள்.

அப்புறம் அந்த முட்டி. வலது கால் முட்டி பிசகி, ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆபரேஷன். வயசும் முப்பதைத் தாண்டிவிட்டது. பெரிய டீம் கையைக் கழுவிக்கொண்டது. அந்த வாரம்தான் நாம் திருச்செங்கோட்டு மலைக்குப் படியேறிப் போனோம். என் தம்பி சேகருக்கு வாய் சும்மா இருக்காதே.

"உங்காளு கதை முடிஞ்சுதுங்க மாமா. இனி அவராவது, கோல் போடறதாவது" என்றான்.

வேறு இடத்தில் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள். அவன் சொன்னது அறுபதாம்படியில். அந்தப் படியில் நின்று சொன்ன சொல்லை யாரும் மீறுவதில்லை. அந்தக் காலத்தில் வழக்கு வம்பெல்லாம் அங்கே சத்தியம் செய்துதான் தீருமாம். அங்கே நின்று, படியைத் தொட்டு, "அவரு திரும்ப வந்து ஒரு கோல் போடுற வரைக்கும் நான் கறி தொடமாட்டேன்" என்றீர்கள். சேகர் முகம் செத்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் மலை இறங்கும்வரை உங்களோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்காவிட்டால் உங்களுக்குப் பொழுது போகாது. அப்படிப்பட்ட நீங்கள் எந்தக் கிடாவெட்டுக்குப் போனாலும் ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுந்தீர்கள். நான் காளானில் கறி மசாலா போட்டு வைப்பேன். "அப்படியே கறியாட்டமே இருக்குது புள்ள" என்பீர்கள். பொய் சொல்லும்போது உங்கள் காது சிவக்கும், மாமா. எனக்கு அப்போதே தெரியும்.

கடைசியாக நீங்கள் எனக்குப் போன் செய்தது ரிக் வண்டியில் இருந்து. மார் வலிக்கிறது என்றா சொன்னீர்கள்? "நெட்டையரு ஓட ஆரம்பிச்சுட்டாராம் புள்ள. அவரு பழைய டீமே கூப்புட்டுக்கிச்சாம்" என்றீர்கள். குரலில் அத்தனை சந்தோசம். மறுநாள் உங்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

நீங்கள் போன பிறகு ரம்யாவும் நானும் ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தோம். உங்களுக்குப் பதிலாக யாராவது பார்க்க வேண்டுமே? அவர் முன்புபோல் ஓடவில்லை. பாதி ஆட்டத்துக்குமேல் இறக்குவார்கள், இறங்கினதும் அதே இடத்துக்கு ஓடிப்போய் நிற்பார். ஒரு கோல் கூட விழவில்லை. இந்த சீசனோடு ஆட்டத்தை விடுகிறேன் என்று சொல்லிவிட்டார். கடைசி ஆட்டம் எப்போது என்று பார்த்தால், உங்கள் படையல் அன்றைக்கு, சாயங்காலம்.

விதி இப்படியும் செய்யுமா?

நேற்றுக் காலையில் அக்காவோடு ஒரு வழியாகப் பேசி முடித்தேன். கறியைச் சமைப்பது, வந்தவர்களுக்குப் போடுவது. உங்கள் இலையில் வைப்பதா வேண்டாமா என்பதை மட்டும் ஆட்டம் முடிந்து பார்ப்பது. "கோல் விழுகலேன்னா?" என்றார் அக்கா. "விழுகலேன்னா இனி எந்த வருசமும் இல்லீங்க" என்றேன். விளையாட்டை விட்டவர் எப்படிக் கோல் போடுவார்? காலத்துக்கும் உங்களுக்குக் காளான்தான்.

நம் வீட்டைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஒரு பக்கம் உங்கள் படம், மாலை, விளக்கு, காலி இலை. எதிர்ப் பக்கம் டிவி. நடுவில் மாமன் மச்சான் பங்காளி எல்லாரும் பிரான்ஸ் ஆட்டத்துக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். சேகர் மட்டும் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டே நின்றான்.

ரெண்டாவது பாதியில் நெட்டையரை இறக்கினார்கள். மைதானமே எழுந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் ஒரு பந்து உயரமாக வர, தலையால் முட்டி உள்ளே தள்ளிவிட்டார். வீட்டுக்குள் ஒரே கூச்சல். அக்கா கரண்டியில் கறியை எடுத்துக்கொண்டு இலைப் பக்கம் ஓடியே விட்டார்.

"அண்ணி, இருங்க. கொடி தூக்கியிருக்காங்க" என்று கையைப் பிடித்தேன்.

வீடியோவில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கோல் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். ஆஃப்சைடு என்றால் என்னவென்று அக்காவுக்கு யார் புரியவைப்பது? "அதான் உள்ள போயிருச்சே! எந்தக் கேடுகெட்டவன் செல்லாதுங்கறான்?" என்று கரண்டியை ஆட்டிக்கொண்டு டிவிக்கு நேராகப் போய்விட்டார். நெட்டையர் சண்டை போடவில்லை. தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் தன் இடத்துக்கு ஓடினார். எனக்கு அப்போதே கண் கலங்கிவிட்டது.

ஆட்டம் முடிய ரொம்ப நேரமில்லை. ஒரு கார்னர். பந்து யார் யார் மேலேயோ பட்டு, கம்பத்தில் மோதித் திரும்பியது. திரும்பிய இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார், மாமா. உதைக்கக்கூட நேரமில்லை. பந்து அவர் முட்டியில் பட்டு மெல்ல உருண்டு உள்ளே போனது. வலது முட்டி. அறுத்துத் தைத்த அதே முட்டி.

யாரும் கத்தவில்லை. முதல் தடவை ஏமாந்தவர்கள் ஆயிற்றே. "இதும் செல்லாதுன்னா நானே அங்க வாரேன்" என்றார் அக்கா, மெதுவாக. ரெஃப்ரி நடுக்கோட்டைப் பார்த்துக் கை காட்டினார். செல்லும். நெட்டையர் புல்லில் முழந்தாளிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சேகர் உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "செயிச்சுட்டீங்க மாமா" என்று குழந்தையைப்போல் அழுதான்.

கறியை நான்தான் வைத்தேன். நெஞ்செலும்பாகப் பார்த்து, குழம்பை ஓரமாக ஊற்றி, நீங்கள் சாப்பிடுகிற மாதிரி. சூடம் காட்டினோம். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பரிமாறிவிட்டுக் கடைசியில் நான் பருப்பை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா எழுந்து வந்து என் இலையில் ஒரு துண்டுக் கறியை வைத்தார்.

"சாப்புடு சாமி. அவன் விட்ட நாள்ல இருந்து நீயும் தொடலைன்னு எனக்குத் தெரியும். உங்கம்மா ஊட்டுக் கிடாவெட்டுலயே பாத்தேன். கோல் விழுந்துருச்சில்ல? சாப்புடு."

உங்களுக்கே நான் சொல்லாத விஷயம், மாமா. சொன்னால் சத்தியத்தை எனக்காகத் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பீர்கள். அதனால்தான் சொல்லவில்லை. நேற்று அந்தத் துண்டை வாயில் வைத்தேன். உப்பு ஒரு கல் கம்மி. நீங்கள் இருந்திருந்தால் சொல்லாமல் சாப்பிட்டிருப்பீர்கள், காதைப் பார்த்து நானே கண்டுபிடித்திருப்பேன்.

வருகிற அமாவாசைக்குச் சேகரையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போகிறேன். அறுபதாம்படியைத் தொட்டு, நீங்கள் சொன்ன சொல் நின்றது, இனி பாக்கி இல்லை என்று சொல்லிவிட்டு வருகிறேன். அடுத்த வருசப் படையலுக்கு உப்பைச் சரியாகப் போடுகிறேன். மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள்.

உங்கள் ஊட்டுக்காரி,
சரசு