கால் பிள்ளை

புதன், இரவு.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் மூத்தவள் மலரைப் போல மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டிவருமா என்று நாளை ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்கிறார்கள். அத்தை மகனைக் கட்டியவள் நான். எங்கள் இருவர் ரத்தத்திலும் அந்த நோயின் கூறு இருக்கிறதாம்.

சாப்பிடும்போது அவர், “நாலுல ஒண்ணுக்கு வரும்னுதானே டாக்டரம்மா சொன்னாங்க? அது மலருக்கு வந்துருச்சு. இனி வராது புள்ள, நாளைக்கு ஊசி டெஸ்டு எதுக்கு?” என்றார்.

“ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசா நாலுல ஒண்ணு மாமா.”

“காலேஜ் படிப்பை எங்கிட்ட காட்டாத.”

எதிர்பார்ப்பு மதிப்பை, அதாவது சராசரியை, கணக்கிட்டால், இந்தப் பிரசவத்தில் கால் பிள்ளைக்கு நோய் என்று வருகிறது. ஆயிரம் தாய்மாருக்குச் சேர்த்துப் பார்த்தால் அது சரி. எனக்கு எப்படிக் கால் பிள்ளை பிறக்கும்?

ஆனாலும் அவர் “இனி வராது” என்றபோது, தப்பென்று தெரிந்தே செத்த நேரம் நம்பினேன். அப்போதுதான் சோறு இறங்கியது.

படுக்கும்போது மலர் என் வயிற்றில் வாய் வைத்து, “பாப்பா, நாளைக்கு ஊசிக்கு அழாத. எனக்கும் மொதல்ல வலிச்சுச்சு, இப்பப் பழகிருச்சு” என்றாள்.

இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.