சுவரை இடித்ததாகச் சொல்லப்படுகிறது

பிப்ரவரி 2, 1999 — செவ்வாய்

காலையில் அந்தோணியார் கோயில். பிறகு ரேஷன் கடை. பாமாயில் இல்லை என்றான். இருக்கிறது, எனக்குத் தெரியும். போன தீபாவளிக்கும் இதே முகத்தை வைத்துக்கொண்டுதான் இல்லை என்றான்.

சாயங்காலம் ஜொவிட்டா ஒரு தாளை நீட்டினாள். என் மகன் ஸ்டீவின் பெண்டாட்டி, ஆபீசில் டைப் அடிக்கிறவள். "அத்தை, நம்ம தெருவப் பத்தி இன்டர்நெட்ல போட்டிருக்காங்க." மயிலைக் களஞ்சியம் என்று ஒன்றாம். ஊரைப் பற்றி யார் வேண்டுமானாலும் கட்டுரை எழுதி அனுப்பலாமாம்.

நம் தெருவுக்கு இரண்டு வரி. 1971 முதல் அந்தோணியார் தேர் இத்தெருவுக்குள் வருகிறது. முதன்முதலில் திருமதி தங்கபுஷ்பம் இல்லத்தின் முன் நின்றது.

அவ்வளவுதான். தெருமுனையில் தேர் திரும்ப முடியாமல் நின்றதும், முந்தின வருஷம்தான் கட்டிய சொந்தச் சுவரை என் வீட்டுக்காரர் கடப்பாரையால் இடித்து வழி விட்டதும் எங்கே? இன்றைக்கும் எங்கள் காம்பவுண்டு மூலை வெட்டின ரொட்டி மாதிரி சாய்ந்துதான் நிற்கிறது. சுவர் எங்களுடையது, தேர் நின்றது எதிர்வீட்டுக்காரி வாசலில். அன்றிலிருந்து நான் அவளோடு பேசுவதில்லை.

ஈஸ்டர் முடிந்ததும் ஸ்டீவ் இந்த வீட்டை பிளாட் கட்டக் கொடுக்கிறான். மூலையும் போய்விடும். பிறகு என் வீட்டுக்காரர் பிரகாசம் என்று ஒருத்தர் இருந்ததற்கு இந்தத் தெருவில் என்ன இருக்கும்?

பிப்ரவரி 9

நான் சொல்லச் சொல்ல ஜொவிட்டா எழுதினாள். லஸ் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனோம். பெட்டியில் தமிழே வரவில்லை, பூச்சி பூச்சியாக ஊர்ந்தது. எழுத்தைத் தனியாக இறக்க வேண்டுமாம். இறக்கினார்கள். பாதி பூச்சி போயிற்று.

சுவர், கடப்பாரை, தேர் எல்லாம் சொன்னேன். தங்கபுஷ்பம் 1968-ல் வாங்கிப்போன இட்லிக் குண்டானைத் திருப்பித் தராததையும் சேர்த்தேன். ஆளைப் பற்றித் தெரிய வேண்டாமா?

பிப்ரவரி 12

எடுத்துவிட்டார்கள். காரணம்: 'இது கட்டுரை அல்ல, புகார்.'

பிப்ரவரி 13

குண்டானை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினோம். எனக்கு மனசே இல்லை.

பிப்ரவரி 16

'ஆதாரம் தேவை.' நான் பார்த்தேன் என்று பதில் போடச் சொன்னேன். நீங்கள் பார்த்தது ஆதாரம் ஆகாது, அச்சில் வந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். நேரில் பார்த்தவள் சொல்லக் கூடாது. பார்க்காதவன் அச்சடித்தால் போதும்.

சரி. அச்சுதானே?

பிப்ரவரி 19

நல்லசிவம் அச்சகத்துக்குப் போனேன். கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அடிக்கிறவர். என் வீட்டுக்காரர் சுவரை இடித்தார் என்று ஒரு நோட்டீஸ் வேண்டும் என்றேன்.

"என்னத்துக்குக் கூப்பிடறீங்க?"

"யாரையும் கூப்பிடலியே."

"நோட்டீஸ்னா எதுக்காச்சும் கூப்பிடணும்மா. எந்தத் தேதி, எத்தனை மணி, கடைசியில அனைவரும் வருகன்னு. இல்லாட்டி அது நோட்டீஸே இல்ல."

அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. வீட்டில் ஜெபம் என்று போடச் சொன்னேன்.

பிப்ரவரி 23

தெருவே வந்துவிட்டது. ஜெபம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. 'ஜெபமும் விருந்தும்' என்று நல்லசிவம் தானாகச் சேர்த்திருக்கிறார். எப்போதும் அப்படித்தான் அடிப்பாராம். ஈஸ்டர் வரைக்கும் நோன்பு இருக்கிற தவசு காலத்தில் விருந்து. ஜொவிட்டா உப்புமா கிண்டினாள், இன்னும் கிண்டுகிறாள்.

எதிர்வீட்டுக்காரி வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

பிப்ரவரி 26

நோட்டீஸ் செல்லாதாம். சொந்த வெளியீடாம். பிரகாசம் உங்களுக்கு என்ன உறவு என்று வேறு கேட்டிருக்கிறார்கள். புருஷன் என்றோம். அப்படியானால் நீங்கள் எழுதவே கூடாது என்று வந்தது.

எல்லாரும் எழுதலாம் என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எழுதினது இருக்கும் என்று எங்கேயும் போடவில்லை. அதை நான்தான் கவனிக்கவில்லை.

மார்ச் 1

தி.நகரில் ஸ்ரீரங்கன் வீடு. களஞ்சியத்துக்குப் பெரியவர் அவர்தான். பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர்.

"வாங்கோம்மா. நீங்கதானா ஆலிஸ்? யாரோ காலேஜ் பொண்ணுன்னு நெனச்சுண்டிருந்தேன். அவ்வளவு கோவமா எழுதியிருந்தேள்."

காபி நன்றாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

"கடப்பாரையை எடுத்துக் குடுத்ததே நான்தான் சார்."

"நான் நம்பறேன்மா. ஆனா களஞ்சியம் நம்பாதே."

"களஞ்சியம்னா யாரு சார்?"

"நாங்கதான்."

அவருடைய தாத்தாவுக்கு அதில் நீளமாக ஒரு கட்டுரை இருக்கிறது. தாத்தா கிணறு வெட்டினார், தண்ணீர் தேனாக இனித்தது என்று. அதற்கு என்ன ஆதாரம் என்றேன். சித்தப்பா எழுதிய புஸ்தகமாம்.

"சித்தப்பா உறவில்லையா சார்?"

"அவர் காலமாயிட்டாரேம்மா."

அவர் சொன்ன வழி இது: உறவில்லாத ஒருவர், நேரில் பார்த்தவர், தன் பெயரில் எழுதித் தந்தால் பார்க்கலாம்.

வரும்போது பஸ்ஸில் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். தேர் இழுத்தவர்கள் போய்விட்டார்கள். அன்றைய பாதர் போய்விட்டார். கோயிலில் ஜெபம் சொல்லிக் கொடுத்த உபதேசியாருக்கு இப்போது சொந்தப் பெயரே நினைவில் இல்லை. உயிரோடும் நினைவோடும் இருக்கிறவள் ஒருத்திதான்.

அவள்தான்.

மார்ச் 3

போனேன். மன்னிக்க வேண்டும் என்று ஞாயிறு பூசையில் பாதர் பிரசங்கம் வைத்தார். நான் மன்னிக்கப் போகவில்லை, சாட்சிக்குப் போனேன்.

கதவைத் திறந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா ஆலிஸு, வூடு மாறி வந்துட்டியா?"

"ஒரு சாட்சி வேணும். எங்க செவுத்த இடிச்சது யாரு?"

"உன் வூட்டுக்காரருதான். அதுல இன்னா சந்தேகம் கீது? தூசி பூரா என் வடாத்துல வந்து வுழுந்துச்சே. ஒரு பொடவை வடாம்."

இருபத்தெட்டு வருஷமாக அவளும் ஒன்றை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது.

"அத எழுதிக் குடு."

"வடாத்தையுமா?"

"வடாத்துக்கு ஆதாரம் இல்ல."

சிரித்தாள். முன்பல் இரண்டு இல்லை. எப்போது போனதோ. எழுத உட்கார்ந்தவள் தலையைத் தூக்கி, "தேரை எங்க வாசல்ல நிறுத்தச் சொன்னதும் அவருதான், அதையும் சேக்கவா?" என்றாள்.

"யாரு?"

"உன் வூட்டுக்காரரு. எங்க மாமியா படுத்த படுக்கையா கெடந்தாங்கல்ல. கோயிலாண்ட வர முடியாம அழுதுக்கினே கெடப்பாங்க. 'அந்தோணியார அந்தம்மா ஜன்னலாண்ட ஒரு நிமிஷம் நிறுத்துங்கப்பா'ன்னு தேர் இழுக்கறவங்களாண்ட அவருதான் சொன்னாரு. உன்னாண்ட சொல்லலியா?"

சொல்லவில்லை.

"சுவரை மட்டும் எழுது" என்றேன்.

மார்ச் 4

அவர் போட்டோவைத் துடைத்தேன். ஏங்க, எத்தனை வருஷம் கூடவே இருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிச்சுதா?

சொல்லியிருந்தா நான் இன்னா சொல்லியிருப்பேன் — எங்க செவுத்த இடிச்சிட்டு அவ வாசல்ல நிறுத்துவீங்களான்னு கேட்டிருப்பேன். தெரிஞ்சுதான் சொல்லல. நல்ல மனுஷன்னு பேரு வாங்கினது நீங்க, பேசாம கெடந்தது நானு.

இப்ப இந்தக் கோபத்த நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?

மார்ச் 15

வந்துவிட்டது. ஜொவிட்டா தாளில் எடுத்து வந்தாள். 'தேர் திரும்புவதற்காகப் பிரகாசம் என்பவர் தமது சுற்றுச்சுவரை இடித்ததாகச் சொல்லப்படுகிறது.'

என்பவராம். சொல்லப்படுகிறதாம். ஸ்ரீரங்கன் தாத்தாவின் கிணறு மட்டும் வெட்டப்பட்டதாகச் சொல்லப்படவில்லை. வெட்டினார், இனித்தது.

சண்டைக்கு போன் போடச் சொன்னேன். ஜொவிட்டா போனைக் கையில் எடுத்து, திரும்பவும் வைத்துவிட்டாள். "ஒரு நாளாவது நிக்கட்டும் அத்தை."

நிற்கட்டும்.

ஏப்ரல் 9

மற்ற கட்டுரைகளையும் தாளில் எடுத்து வரச் சொல்லிப் படிக்கிறேன். எல்லாம் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தப்பு. தினமும் திருத்தம் எழுதிப் போட்டேன். இன்று ஸ்ரீரங்கனே போனில் கூப்பிட்டார். குரல் ரொம்பவும் களைத்திருந்தது.

"அம்மா, உங்க பேட்டைக்கு வர்ற கட்டுரையெல்லாம் இனிமே நீங்களே பாத்துடுங்கோ. நீங்க சரின்னா நான் போட்டுடறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போனை வைப்பதற்குள் சரி என்றும் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 28

முதல் கட்டுரை. குல்சும் என்ற பெண், வேளச்சேரியிலிருந்து. அவளுடைய நானி, அம்மாவைப் பெற்ற பாட்டி, மயிலாப்பூரில் எங்கள் பக்கத்தில்தான் குடியிருந்து, ஏழைப் பெண்களுக்கு இனாமாகத் தையல் சொல்லிக் கொடுத்தாளாம். மெஷின் சத்தம் நின்ற அன்றைக்குத் தெருவே வாசலுக்கு வந்து பார்த்ததாம். படிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆதாரம் எங்கே என்று கேட்டு அனுப்பச் சொன்னேன்.

மே 11

ஆதம்பாக்கத்தில் வாடகை வீடு. தண்ணீர் உப்பு. சாமான் ஏற்றும்போது புஷ்பம் எதிரில் நின்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தாள். "பாத்து எடுப்பா, அது அந்தோணியார் சுருபம்." லாரி கிளம்பும்போது ஒரு இட்லிக் குண்டானை என் மடியில் வைத்தாள்.

அது என்னுடைய குண்டான் இல்லை. என்னுடையது இதைவிடப் பெரியது. வாங்கிக்கொண்டேன்.

மே 20

வீட்டை இடித்துவிட்டார்களாம். மூலையையும் சேர்த்து.

ஜூன் 8

ஜொவிட்டா ஒரு தாளை நீட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம் தெரு கட்டுரையில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிப் புஷ்பம் அனுப்பியிருக்கிறாள். 'தேரை எங்கள் வாசலில் நிறுத்தச் சொன்னவரும் திரு. பிரகாசமே. படுக்கையில் இருந்த என் மாமியார் பார்ப்பதற்காக.'

"என்ன பதில் போடட்டும் அத்தை?"

"ஆதாரம் எங்கேன்னு கேளு."

"அவங்கதானே ஆதாரம். மாமா சுவரை இடிச்சதுக்கும் அவங்கதானே."

"அவங்க வீட்டு விஷயத்த அவங்களே எழுதக் கூடாது. விதி."

ஜொவிட்டா என்னோடு பேசவில்லை. எனக்குப் பேசாதவர்கள் புதிதில்லை.

ஜூன் 13 — ஞாயிறு

திருவிழா. சாயங்காலம் ஆட்டோவில் போனோம். நம் வீடு இருந்த இடத்தில் பள்ளமும் செங்கல்லும். எனக்கு நிற்க வாசல் இல்லை. புஷ்பம் தன் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு, "குந்து" என்றாள். குந்தினேன்.

ஒவ்வொரு வருஷமும் அந்த முனையில் "பாத்து, பாத்து" என்று கூச்சல் போடுவார்கள். இந்த வருஷம் யாரும் கத்தவில்லை. இடிக்க அங்கே ஒன்றும் இல்லை. தேர் தன் பாட்டுக்குத் திரும்பி வந்தது.

வந்து, எங்கள் எதிரில் நின்றது. மாமியார் போய் எவ்வளவோ காலம் ஆகிறது. அந்த ஜன்னல் சாத்தியே கிடக்கிறது. இழுக்கிற பையன்களில் ஒருவனிடம் ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தெரியல பாட்டி. இங்க நிக்கணும்."

புஷ்பம் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

ஜூன் 14

புஷ்பம் எழுதிய வரியைச் சேர்க்கலாம் என்று ஸ்ரீரங்கனுக்கு எழுதச் சொன்னேன். 'என்பவர்' வரக் கூடாது, 'திரு' இருக்கட்டும். கடைசியில் மட்டும் 'எனச் சொல்லப்படுகிறது' என்று போடச் சொன்னேன்.