மீதி பூஜ்யம்

டேட்டன், ஒஹாயோ

அன்புள்ள வெர்னா,

அது பகா எண்தான். நார்வேக்காரர் ஒருவர் தன் கணினியில் முதலிலிருந்து போட்டுப் பார்த்துவிட்டார். அவருக்கும் மீதி பூஜ்யம். இந்தச் சோதனையில் கடைசி மீதி பூஜ்யமானால்தான் எண் பகா எண். இரண்டை இரண்டாலேயே கோடிக்கணக்கான தடவை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் எண் அது. எழுத நம் வீட்டுச் சுவர்கள் போதாது. ஒன்றையும் தன்னையும் தவிர எதுவும் அதை மீதியின்றி வகுக்காது.

அன்று நிலவறையில் தண்ணீர் ஏறியபோது நீ கணினியின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு பம்பைச் சொருகினாய்.

"மாசக்கணக்கா ஓடுன கணக்க நாசமாக்கிட்டியே!" என்று கத்தினேன்.

"வீடே முழுகுது, உனக்கு நம்பர் கேக்குதா?" என்று அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாய்.

பிறகு கணினி விட்ட இடத்திலிருந்து ஓடி பூஜ்யம் காட்டியது. நான் நம்பவில்லை. நீ பிடுங்கியதில் ஏதோ பிழை புகுந்துதான் அந்தப் பூஜ்யம் வந்தது என்று பயந்துகொண்டே இருந்தேன். புகவில்லை, வெர்னா. உன்னால் எதுவும் கெடவில்லை. இன்று காலைதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

முறைப்படி அறிவிக்கும்வரை வெளியே சொல்லக் கூடாது. முக்கியமாக உன் அக்காவிடம் மூச்சு விடாதே, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முழுக்கத் தெரிந்துவிடும்.

சோதிக்க அடுத்த எண்ணை நான் கணினியில் ஏற்றவில்லை. இங்கே மறுபடி மழை பிடித்திருக்கிறது. அந்த ப்ளக் பாயிண்டில் இப்போது பம்புதான் இருக்கிறது.

உன்
நிலவறைவாசி