யாரும் தொடாத பந்து

மாமா,

மூட்டுவலிக்கென்று டாக்டர் எழுதிக்கொடுத்த மீன் எண்ணெய் மாத்திரைகளில் ஒன்று இன்று காலை என் விரல்களுக்கிடையில் உடைந்துவிட்டது. புட்டியை வெயில் படும் ஜன்னலோரம் வைத்திருந்தேன், இளகியிருக்கிறது. சோப்பு போட்டு இரண்டு முறை கழுவியும் வாடை போகவில்லை. சமையலறையிலிருந்து அத்தை குரல் கொடுத்தார்: "யாருடி அது, பந்துக்கு எண்ணெ போடறது?"

ஆம், உங்கள் மனைவி இப்போது என்னோடுதான் இருக்கிறார். அதற்குக் கடைசியில் வருகிறேன். இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த வாடையை அத்தையும் நானும் ஒரே நொடியில் அடையாளம் கண்டுகொண்ட பிறகு, வேறு வேலையில் மனம் செல்லவில்லை.

பழவேற்காடு கடைத்தெருவில் பாயின் டீக்கடை. உத்திரத்திலிருந்து ஒரு வலைத்துண்டில் பந்து தொங்கும். வாரால் வாய் கட்டிய தோல் பந்து, மழையில் நனைந்தால் பூசணிக்காய் கனம். தண்ணீர் ஏறாமல் இருக்க வாரம் ஒருமுறை சுறா ஈரல் எண்ணெயைத் தேய்ப்பார் பாய். நம் கால்பந்து அணிக்கு அவர்தான் செக்ரட்டரி, அவர்தான் மேனேஜர்.

"இப்டியே எண்ணெ போட்டுகினு இருந்தா பந்து மீனா மாறிடும் பாய்" என்றீர்கள் ஒருநாள்.

"மாறட்டும். அப்பவாவது ஒங்க மச்சான் புடிப்பாரு."

உங்கள் மச்சான், என் நைனா, நம் அணியின் கோல்கீப்பர். அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு கோலைக் கைநழுவ விட்டிருந்தார். கடையே சிரித்தது. நைனா கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தார்.

ஏரி முகத்துவாரத்தின் பாடு முறை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் இப்போதெல்லாம் நான் யாரிடம் சொன்னாலும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது, அந்தப் பழக்கம் வந்துவிட்டது. இறால் வரும் அந்த இடத்தில் ஒருநாள் எங்கள் குப்பம் வலை கட்டும், மறுநாள் உங்கள் குப்பம். கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் மட்டும் யாரும் இல்லை. அடுத்தவர் நாளில் அந்தத் தண்ணீரில் கையை நனைப்பதுகூடத் தவறு. "ஒங்க நாள்ல எறா துள்ளி எம் படகுல வுழுந்தாலும் எடுத்துத் தண்ணியில போட்டுருவேன் மச்சான்" என்று நைனாவிடம் சொல்வீர்கள். அது பெருமைப் பேச்சு அல்ல, உண்மையாகவே போடுவீர்கள். நைனாவும் போடுவார். இரண்டு குப்பங்களும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை, உங்கள் கூடப்பிறந்த என் அம்மாவே உங்கள் குப்பத்திலிருந்து வந்தவள். ஆனாலும் தண்ணீரில் மட்டும் நீங்களும் நைனாவும் ஒரே நாளில் இருந்ததில்லை.

ஆகவே நம் அணியும் உண்மையில் இரண்டு பாதி. எங்கள் நாளில் ஆட்டம் விழுந்தால் நைனா வலை கட்டப் போய்விடுவார், பாய் கடையில் வடை போடுகிறவர் கோலில் நிற்பார். உங்கள் நாளில் விழுந்தால் பின்வரிசையில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். நீங்களும் நைனாவும் அதுவரை ஒரே ஆட்டத்தில் ஆடியதே கிடையாது. இருந்தும் எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், எப்படியோ, ஜெயித்துக்கொண்டே போனோம். நான் அப்போது பொன்னேரியில் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன். வட்டாரத்தில் முதலாவதாக வரும் அணியை மெட்ராஸ் லீக்கில் சேர்ப்பார்கள் என்று பேச்சு. மீன்பிடிக் குப்பத்து அணி ஒன்றும் அதுவரை அங்கே போனதில்லை. கடைசி ஆட்டத்தில் தோற்காமல் இருந்தால் போதும், சமன் ஆனாலே இடம் நமக்கு.

எல்லோருக்கும் அது ஆசை. உங்களுக்கோ அது வாழ்க்கை. மெட்ராஸில் ஒரு பெரிய ஆபீஸ் அணிக்கு ஆள் தேடுகிறவர் உங்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "உங்க டீம் லீக்குக்குள்ள வரட்டும், பையனுக்கு எங்க ஆபீஸ்ல வேலை" என்று பாயிடம் சொல்லியிருந்தார். அந்த வேலைக்குப் பின்னால் அத்தை இருந்தார். ஆரணியில் கருவாட்டு வியாபாரம் செய்த அத்தையின் அப்பாவும் நம் ஆட்கள்தான். மூத்த மகனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போனவர். "தண்ணியில போறவனுக்கு எம் பொண்ணு இல்ல. கரையில ஒரு வேலைன்னு சொல்லிகினு வா, பேசலாம்" என்று உங்களிடம் நேராகவே சொல்லிவிட்டார். நீங்கள் அவரிடம் கோபப்படவில்லை. "அவரு சொல்றதும் சரிதானே" என்று அம்மாவிடம் சொன்னீர்கள்.

கடைசி ஆட்டம் எங்கள் பாடு நாளில் விழுந்தது. அதுவும் இறால் காலத்தில். வடை போடுகிறவரைக் கோலில் நிறுத்தி அந்த ஆட்டத்தை ஆட முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். நீங்கள் எங்கள் குப்பத்துக்கு வந்து, கோயில் முன்னால் கூடியிருந்த பெரியவர்களிடம் அந்த ஒரு நாள் வலை கட்டாமல் விடும்படி கேட்டீர்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். பத்துப்பேர் சேர்ந்து முட்டினாலும் அசையாத மனிதர் அப்படி நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"எறா நேரத்துல ஒரு நாளா?" என்றார் எங்கள் பெரியவர். "அப்பொறம் இன்னாத்தத் துன்றது? பந்த வெச்சி கொழம்பு காய்ச்சறதா?"

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா சொன்னாள்: "நாலு மாசமா எல்லா ஊட்லயும் அந்தப் பந்தத்தானே துன்னுகினு கீறீங்க. புதுசா இன்னா?"

சிரிப்பில் பாதி முடிவாகிவிட்டது. மீதியை உங்களோடு வந்திருந்த உங்கள் குப்பத்துப் பெரியவர் முடித்தார். மறுநாள் தங்கள் நாளை எங்களுக்கு விட்டுத்தருவதாகச் சொன்னார். எங்கள் பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒங்க நாளு எங்களுக்கு எதுக்கு? எங்க நாளு, நாங்க உடறோம். அவ்ளோதான்."

ஆட்டத்தன்று காலை படகில் போகும்போது முகத்துவாரம் காலியாக இருந்ததைப் பார்த்தேன். திருவிழா நாளில் அப்படிப் பார்த்திருக்கிறேன், ஆனால் அன்று மேளம் இல்லை. ஒரு கம்பு இல்லை, ஒரு வலை இல்லை, பறவைகள் மட்டும் குழம்பிப்போய்ச் சுற்றிக்கொண்டிருந்தன. நைனா தலையைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

பொன்னேரி மைதானத்தில் எதிர் அணி லாரியில் வந்து இறங்கியது. எண்ணூர்ப் பக்கத் தொழிற்சாலை ஆட்கள், எல்லோர் காலிலும் பூட்ஸ். நம் ஆட்கள் வெறுங்கால். வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு மெட்ராஸ்காரரை உட்காரவைத்திருந்தார் பாய். அன்று நீங்கள் ஆடியதை நான் பெரிதுபடுத்திச் சொல்லவில்லை, நான் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அவர்களுடைய முன்வரிசை ஆள் ஒவ்வொரு முறையும் உங்கள்மேல் மோதிவிட்டு, சுவரில் மோதியவன்போல் திரும்பிப் பார்த்தான். நைனாவும் இரண்டு நல்ல பந்துகளைப் பிடித்தார். பாய் கோட்டோரமாக ஓடிவந்து, "ஆளு சிரிக்கிறாரு, ஆளு சிரிக்கிறாரு" என்று உங்களிடம் மரத்தடியைக் காட்டிவிட்டுப் போனார்.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடியப்போகிறது. அப்போதுதான் அது வந்தது. யாரோ தவறாக உதைத்த பந்து, ஒரு குழந்தை உருட்டிவிட்டதுபோல், நம் கோலைப் பார்த்து மெதுவாக வந்தது. அதன் பக்கத்தில் எதிரி யாரும் இல்லை. நீங்கள் ஒரு பக்கம், நைனா ஒரு பக்கம், நடுவில் பந்து.

நீங்கள் காலை நீட்டினீர்கள். நைனா குனிவதைப் பார்த்துக் காலை இழுத்துக்கொண்டீர்கள். நைனா நீங்கள் கால் நீட்டியதைப் பார்த்து நிமிர்ந்துவிட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தீர்கள். இருவர் முகத்திலும் ஒரே மரியாதை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். அடுத்த குப்பத்தின் வலையைக் கடந்து போகும்போது துடுப்பைத் தூக்கிப் பிடிக்கிறவர்களின் முகம் அது. வருஷக்கணக்காகத் தினமும் ஆடுகிற அணியாக இருந்தால் இருவரில் ஒருவர் "உடு, என்னுது" என்று கத்தியிருப்பார். நீங்கள் இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் எதையும் எடுத்துப் பழகாதவர்கள்.

"யாராச்சும் எடுங்கடா, பாவிங்களா!" என்று அம்மா கத்தினாள். அதற்குள் பந்து கோட்டைத் தாண்டி, கோலுக்குள் போய், தானாக நின்றது. எதிர் அணிக்கே அது கோல் என்று புரியச் சிறிது நேரம் ஆனது.

மெட்ராஸ்காரர் "அடுத்த வருஷம் பாப்போம்" என்று பாயிடம் சொல்லிவிட்டு, வாங்கி வைத்திருந்த டீயைக் குடிக்காமல் ரயிலுக்குப் போய்விட்டார்.

திரும்பும் படகில் நைனா, "அது என் பந்து மாப்ள. நான் எடுத்துருக்கணும்" என்றார்.

"இல்ல மச்சான். அது என்னுது."

"கோலுகிட்ட வந்தது என்னுதுதானே?"

"நான்தான் கிட்ட இருந்தேன். என்னுது."

அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "இப்ப சொல்லுங்க ரெண்டு பேரும், என்னுது என்னுதுன்னு! அங்க வாயில இன்னா எறாவ வெச்சிகினு இருந்தீங்க?"

நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். பிறகு நெடுநேரம் திரும்பவில்லை. அன்று எனக்கு அது புரியவில்லை.

அடுத்த வருஷம் எந்தக் குப்பமும் தன் நாளை விடவில்லை. அப்படிக் கேட்கவும் நீங்கள் போகவில்லை. ஆரணிக்கும் போகவில்லை. பெண்ணைக் கேட்க உங்களுக்கு இனி உரிமை இல்லை என்று முடிவுசெய்து, மரியாதையாக ஒதுங்கிவிட்டீர்கள். கருவாடு எடுக்க அப்பாவோடு வந்த அத்தை, பாய் கடையில் சேதி சொல்லிவிட்டுப் போனார். பாய் அதைக் கடையில் இருந்த எல்லோர் முன்னாலும் உங்களிடம் சொன்னதில் எனக்கு இன்றும் அவர்மேல் கோபம் இல்லை: "பந்தத்தான் உட்டாரு, என்னையும் உடப்போறாரான்னு கேக்குது அந்தப் பொண்ணு. இன்னா சொல்லட்டும்?"

நீங்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறினீர்கள். அத்தையின் அப்பாவிடம் என்ன பேசினீர்கள் என்று கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. அத்தையும் சொல்வதில்லை. கேட்டால், "மொத மொறயா கத்துனாரு" என்பதோடு சரி.

சில வருஷம் கழித்து கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வந்தபோது, ஒரு இரும்பு உருக்கும் ஆலையில் சேர்ந்தீர்கள். மாமனாருக்குக் கொடுத்த வார்த்தை. கரையில் வேலைதான், ஆனால் பந்து தந்திருக்க வேண்டிய வேலை அல்ல. முகமெல்லாம் கரியோடு சைக்கிளில் வருவீர்கள். "ஏ ஷிப்டு, பி ஷிப்டுன்னு இதுவும் பாடுதான். எறா மட்டும் இல்ல" என்பீர்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, விடுதியின் வாசிப்பறையில் ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். ஐரோப்பாவில் ஏதோ ஒரு கிளப், பல நாட்டு அணிகள் ஆடும் கோப்பைக்குள் நுழையும் வாய்ப்பைக் கடைசி ஆட்டத்தில், கடைசிக் கோலில் இழந்திருந்தது. கிளப்பின் பெயரும் ஊரின் பெயரும் எனக்கு மறந்துவிட்டன. விடுமுறைக்கு வந்தபோது உங்களிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வதாக நினைத்தேன்போலும். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டீர்கள்.

"கோலு யாரு உட்டது? ஒருத்தனா, ரெண்டு பேருமா?"

"அதெல்லாம் போடல மாமா."

"ரெண்டு பேராத்தான் இருக்கும்" என்றீர்கள். "அவனுங்க ஊருலயும் ஒருநாள் உட்டு ஒருநாள்தான் வலை கட்டுவானுங்களோ இன்னாவோ."

நைனா போய் நெடுநாளாகிறது. இந்த வருஷம் நீங்கள். உங்கள் கருமாதி முடிந்த மதியம், சாப்பாடு முடித்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். துபாயிலிருந்து வந்திருந்த உங்கள் மகன், மாதவரத்தில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருக்கும் உங்கள் மகள், மருமகன், மருமகள். நல்ல பிள்ளைகள் மாமா, ஒருவரையும் குறை சொல்லமாட்டேன். அத்தை இனி எங்கே இருப்பார் என்ற பேச்சு வந்தது. "அண்ணன் இன்னா சொல்றாரோ அப்டியே" என்றாள் மகள். "தங்கச்சி ஆசப்பட்டா நான் குறுக்க நிக்கமாட்டேன்" என்றான் மகன். "பெரியவங்க பாத்து சொல்லட்டும்" என்றார் மருமகன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லா முகத்திலும் மரியாதை. அத்தை சுவரோரம் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மௌனம் எவ்வளவு மெதுவாக உருள்கிறது என்பது எனக்குத் தெரிந்தது. நான் தனியாக வாழ்கிற ஆள். என் வீட்டுக் கதவை யாருக்கும் எளிதில் திறப்பதில்லை. கூட்டத்தில் என் குரலை யாரும் கேட்டதில்லை. ஆனாலும் எழுந்து நின்று, தேவைக்கு மேலான சத்தத்தில் சொன்னேன்: "உடுங்க, என்னுது."

யாருக்கும் புரியவில்லை. அத்தைக்கு மட்டும் புரிந்தது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தார். "இந்தக் குடும்பத்துல ஒரு ஆளாச்சும் கத்துச்சே" என்றார். "அன்னிக்கி ஒருத்தன் கத்தியிருந்தா நானு ஆபீசர் பொண்டாட்டி." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

அவர் வந்து சில மாதமாகிறது. என் சமையலில் உப்பு இல்லை என்கிறார், என் புத்தகங்களைத் தட்டிவைக்கிறார், டிவியில் கால்பந்து ஓடினால் அதன் முன்னால் உட்கார்ந்து தெரியாத ஆட்களைத் திட்டுகிறார். இன்று காலை என் விரல்களைப் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மாத்திரைப் புட்டியை எடுத்து நிழலில் வைத்துவிட்டேன். கையை மூன்றாவது முறை கழுவவில்லை.