படத்தில் எழுதாத இடைவெளி

1984 பிப்ரவரி 21, செவ்வாய்

இன்று சாயங்காலம் விதுராவிலிருந்து கொத்தனார் செல்வராஜ் வலியசாலையில் என் வீட்டைத் தேடி வந்தார். கையில் நான் வரைந்த புகையில்லா அடுப்பின் படம். அதைப் பார்த்து அவர் அடுப்பு கட்டிய ஒரு வீட்டில் நேற்று கூரை பற்றிக்கொண்டதாம். வீட்டுக்காரி சரோஜினி இரண்டு கையும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

"சேச்சி, படத்துல உள்ளபடிதான் கட்டினேன். ஒரு இஞ்சுகூட மாத்தல்ல," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தான் எங்கே தப்பு செய்தோம் என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

படத்தை விரித்ததுமே தெரிந்துவிட்டது. தப்பு என்னுடையது. புகைக்குழாய்க்கும் கூரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று நான் எழுதவே இல்லை. எங்கள் தெருவில் எல்லாம் ஓட்டு வீடு. ஓலைக்கூரை என் நினைவுக்கே வரவில்லை. அதை அவரிடம் சொன்னேன்.

யார் வேண்டுமானாலும் பார்த்து வரைந்துகொள்ளலாம் என்று படத்தின் அடியில் எழுதியதும் நான்தான். சைக்ளோஸ்டைலில் பிரதி எடுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். ஒருவர் பெயரையும் குறித்து வைக்கவில்லை.

"நீங்க யாருக்கெல்லாம் காட்டினீங்க?" என்று கேட்டேன்.

அதைப் பார்த்து அடுப்பு கட்டிய இன்னும் நான்கு வீட்டைச் சொன்னார். "பின்னே, பஸ்ஸுல ஒரு ஆளு வாங்கி நோட்டுல வரஞ்செடுத்தாரு. ஊரு கேக்கல்ல சேச்சி."

விடிந்ததும் நாங்கள் இருவரும் அந்த நான்கு வீட்டுக்கும் போகிறோம். பஸ்ஸில் வந்தவரை எங்கே போய்த் தேடுவேன்? காலையில் அவர் வீட்டிலும் யாரோ அடுப்பு மூட்டுவார்கள்.