என் பெயரில் போட்ட சரி

மடுல்சீமை

கம்சலாவின் அப்பாவுக்கு,

யசோதினி எழுதுவது. போனில் சொல்ல ஆரம்பித்தாலே சிக்னல் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறீர்கள். கட்டாரில், அதுவும் டோகாவில் சிக்னல் இல்லையாம், நான் நம்ப வேண்டுமாம். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. லீவு முடிந்து அங்கே திரும்பும் சண்முகராஜா அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். இங்கே யாரும் சுகமாக இல்லை.

கம்சலாவுக்கு விடுதியில் இடம் கிடைக்கவில்லை. தோட்டத்துப் பெண் பிள்ளைகள் தங்கி உயர்தர வகுப்புப் படிக்க, நீங்களும் உங்கள் சிநேகிதர்களும் சங்கம் வைத்துப் பதுளையில் எடுத்த அதே விடுதிதான். விண்ணப்பிக்க இணையத்தளம் செய்தவரும் நீங்கள்தான். அதில் உங்கள் மகளால் விண்ணப்பிக்க முடியவில்லை. நம் லயத்து வீட்டு வரிசையில் ஒரு பிள்ளையாலும் முடியவில்லை. இடமெல்லாம் டவுன் பிள்ளைகளுக்குப் போய்விட்டது.

இங்கே மலை மேலே, மேற்கணக்குப் பிரிவின் தண்ணீர்த் தொட்டியடியில்தான் சிக்னல் பிடிக்கும். நீங்கள் இருந்த காலத்திலும் அப்படித்தான். பிள்ளைகள் மழையில் குடையோடு அங்கே நின்றார்கள். தளத்தைத் திறந்தால் தேயிலை மலையும் பனிமூட்டமுமாக ஒரு வீடியோ. அது வந்து முடிவதற்குள் டேட்டா தீர்ந்துவிடுகிறது. கதவைத் திறந்தால் தெரிகிற மலையைப் பார்க்கவா நாங்கள் டேட்டா போட்டோம்?

அதையும் தாண்டினால் வீட்டு இலக்கம், வீதியின் பெயர் இரண்டையும் கேட்டு வழிமறிக்கிறது. லயத்துக்கு ஏது வீதி? ஒற்றை அறைக் காம்பராவுக்கு யார் இலக்கம் கொடுத்தார்கள்? நமக்கு வரும் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தானே வருகிறது. இதே காம்பராவில் பிறந்த மனிதருக்கு இது எப்படி மறக்கும்? தோட்டத்தின் பெயரை மட்டும் அடித்தால், சரியான முகவரியைத் தரவும் என்று சிவப்பு எழுத்தில் வருகிறது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தளம் திறந்த அன்று பேஸ்புக்கில் ஒரு பட்டியல் போட்டீர்கள், நல்ல தளம் என்றால் என்னென்ன பார்த்திருக்க வேண்டும் என்று. வேகம் சரி, படங்கள் சரி, போனில் பார்க்க வசதி சரி என்று வரிசையாகப் பச்சை அடையாளம். பட்டியலில் எந்தக் குறையும் இல்லை. கடைசி வரியைத்தான் பொறுக்க முடியவில்லை. பயன்படுத்தப் போகிறவர் ஒருவர் தன் இடத்திலிருந்தே பார்த்தாரா என்ற கேள்விக்கும் சரி போட்டு, பக்கத்தில் ‘என் மனைவி யசோதினி, மடுல்சீமை’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் எப்போது பார்த்தேன்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நேற்றுக் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் பக்கத்துக் காம்பரா ராமாமிர்தம் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். “நீதான் பாத்து நல்லாருக்குன்னு சொன்னியாமே. எம்புள்ள மழையில நின்னது ஒனக்குத் தெரியாதா?” என்றார். கூடையை மாட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். புருஷன் பொய் எழுதிவிட்டார் என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல வாய் வரவில்லை. உங்கள் மீது எனக்கு இவ்வளவு வெறுப்பு வரும் என்று நான் நினைத்ததில்லை.

கம்சலா படிப்பை விட்டுப் பண்டாரவளையில் ஒரு துணிக்கடை வேலைக்குப் போகப் போகிறாள். கடையிலேயே தங்க இடம் தருகிறார்களாம். விடுதி மாடியைக் கட்டி முடித்ததும் இன்னும் கொஞ்சம் பிள்ளைகளை எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் சங்கத்தாரிடம் உண்மையைச் சொல்லுங்கள். வீடியோவை எடுங்கள், வீதியையும் இலக்கத்தையும் எடுங்கள். பிறகு நானே தொட்டியடிக்கு ஏறிப் பார்க்கிறேன். திறந்தால் சொல்கிறேன். அதுவரை பட்டியலில் அந்தக் கடைசிக் கட்டம் காலியாக இருக்கட்டும்.

நீங்கள் எழுதியது பொய் என்று கம்சலாவுக்குத் தெரியாது. “அப்பா செஞ்சது சரியாத்தான் இருக்கும், நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டுப் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருக்கிறாள். அவள் மேல் தப்பில்லை என்று நான் சொல்லப் போவதில்லை. அதை நீங்களே அவளிடம் சொல்லுங்கள்.

வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்காமல் நீங்கள் பெயர் போட்டுக்கொண்ட,
யசோதினி