வண்டியின் இடது பக்கம்

என் அன்புள்ள மாமாவுக்கு, எங்கே இருந்தாலும் மீசையை முறுக்கிக்கொண்டு நன்றாகவே இருப்பீர்கள் என்று நம்பும் ஏகாம்பரம் எழுதிக்கொள்வது.

உங்கள் முதல் திவசம் போன வாரம் முடிந்தது. அக்கா உங்களுக்குப் பிடித்த கத்திரிக்காய்க் காரக்குழம்பும் வைத்து இலை போட்டாள். கூப்பிட்டதும் காக்காய் வந்து சோற்றை எடுத்தது. பத்துக் காக்காய் பறந்து வந்து வரிசையில் உட்கார்ந்ததாக மண்டியில் சொல்லியிருக்கிறேன். வந்தது ஒன்றுதான் மாமா. அதுவும் அவசரமாகத் தின்றுவிட்டுப் போய்விட்டது.

மண்டிக்காரர்கள் சேர்ந்து உங்கள் பேரில் ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். தெரிந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதித் தர வேண்டும். எனக்குக் கொடுத்த விஷயம் "பெங்களூர் டூர்". "எட்டாங்கிளாசுல நின்னவன்னு பேரு, எழுத உட்டா எம்.ஏ. காரன் பிச்ச வாங்கணும், எழுதுய்யா" என்று ஏற்றிவிட்டார்கள். நானும் ஏறிக்கொண்டேன். உங்களுக்குத் தெரியாததா?

உட்கார்ந்தால் வரவில்லை மாமா. இத்தனை வருடம் வாயில் தண்ணீர் மாதிரி வந்த கதை, கையில் வரமாட்டேன் என்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அவர்கள் கேட்ட பக்கத்தில் இதையே போட்டுக்கொள்ளட்டும்.

மலரைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. இவர் என் அக்கா பச்சையம்மாளின் வீட்டுக்காரர். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தவர்; மல்லாட்டையை நீங்கள் வேர்க்கடலை என்பீர்கள். நான் முகையூர்க்காரன். கழனியில் வேலை இல்லாத நாளெல்லாம் அக்கா வீட்டில் சாப்பிடுகிறவன். சரி, வேலை இருக்கிற நாளிலும்தான்.

மாமா, உங்கள் வண்டியை விற்கிறோம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வருடம் பூராவும் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. ஊர் முழுக்க இப்போது ஜப்பான்காரன் கூட்டில் வந்த வண்டிதான், கொசு பறக்கிற சத்தம். நம்முடைய இரட்டை சைலன்சர் மோட்டார் சைக்கிளை வைத்துப் பார்க்க ஆள் வேண்டுமே. "நான் இருக்கிறேனே" என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள்.

வாங்க வந்தவர் பிரம்மதேசத்துப் பையன், சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறவர். புதுசாகக் கல்யாணம் ஆனவர். பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் தார்ப்பாயை உருவினேன். விடுவேனா? வண்டிக்கு மாட்டிய எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சொன்னேன். "இந்தக் காத்துக் கண்ணாடி மெட்ராஸ்ல சொல்லி வச்சி வாங்குனது. இது ரெட்டை ஹாரன், லாரிக்காரனே ஒதுங்குவான். இந்த மஞ்ச லைட்டு இருக்குதே, மூடுபனிய அப்படியே கிழிச்சிக்கினு போவும். எல்லாம் நான் செலக்ட் பண்ணது."

"நம்ம பக்கம் ஏதுண்ணா மூடுபனி?" என்றது அந்தப் பெண்.

"பெங்களூர் ரோட்டுக்கும்மா" என்றேன்.

அந்தப் பெண் வண்டியைச் சுற்றி இடது பக்கம் வந்து நின்றது. புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தது. அங்கே நம்முடைய இரும்புப் பெட்டிதான் தொங்கியது. "ஏங்க, நான் எங்கங்க கால் வைக்கிறது?" என்று அவரைக் கேட்டது.

"சேலை கார்டு இல்லீங்களாண்ணே?" என்றார் அவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் வாசற்படியிலிருந்து அக்கா சொன்னாள்: "இல்லம்மா. அதுல பொம்பளைங்க ஏற மாட்டாங்க. அது டூர் வண்டி."

கோபமாகச் சொல்லவில்லை மாமா. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வெள்ளிக்கிழமை கறி எடுக்க மாட்டோம் என்று சொல்வது போல, வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லுகிற மாதிரி சொன்னாள். அந்த வார்த்தை என்னுடையது. வண்டி வந்த நாளில் நான் அவளிடம் சொன்ன அதே வார்த்தை, ஒரு எழுத்து குறையாமல். எனக்கு முகம் சுட்டது.

அந்தப் பையன், "வண்டி புடிச்சிருக்குது. அந்தப் பொட்டிய எடுத்துட்டு சேலை கார்டு மாட்டிக் குடுங்கண்ணே, வெள்ளிக்கெழம வந்து எடுத்துக்கினு போறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அப்படியே வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

விழுப்புரத்தில் பாய் கடைக்கு நாம் போன நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? மெட்ராஸ் கண்ணாடி என்று நான் சொல்வதெல்லாம் அங்கே வாங்கியதுதான். கடை முழுக்கக் கம்பியும் கண்ணாடியுமாகத் தொங்கும். நான் கல்யாண வீட்டில் நகை பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நீங்கள் ஒரு மூலையில் நின்றீர்கள். கையில் ஒரு சேலை கார்டை எடுத்து, வளைவைத் தடவி, கால் வைக்கிற தகட்டை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பாய்தான் விஷயத்தைச் சொன்னார். "எடது பக்கம் ஒண்ணுதான் சார் மாட்ட முடியும். பொட்டி மாட்டுனா சேலை கார்டு வராது. சேலை கார்டு மாட்டுனா பொட்டி வராது. வூட்டம்மா குந்துவாங்களா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"எங்க அக்காவா! பஸ்ஸுல ஏறுனாலே அவங்களுக்கு மயக்கம் வாந்தி, பாய். அவங்க எங்க இதுல குந்தப் போறாங்க? மாமா, சேலை கார்டு மாட்டுனா இது பால்காரன் வண்டி ஆயிடும். பொட்டி மாட்டுங்க, டூர் வண்டின்னா பொட்டிதான் களை" என்று அடித்துவிட்டேன். நீங்கள் அந்தக் கம்பியை எடுத்த ஆணியிலேயே திரும்ப மாட்டினீர்கள்.

ஏன் மாமா மாட்டினீர்கள்? மண்டியில் ஒரு பிடி மல்லாட்டையை உடைத்துப் பார்த்தே ஏமாற்றுகிறவனைக் கண்டுபிடிப்பீர்களே. என்னை ஒரு அதட்டு அதட்டியிருக்கலாமே. மச்சினன் மனம் நோகும் என்று பார்த்தீர்களா? இல்லை, நான் சொன்னதை நம்பிவிட்டீர்களா?

பின்சீட்டு எனக்கு வந்தது. அதற்காகத்தான் அப்படிச் சொன்னேனா என்று இப்போது என்னையே கேட்கிறேன். அப்போது தெரிந்து சொல்லவில்லை. ஆனால் அந்தச் சீட்டில் உட்கார்ந்தது யார்? நான்தானே. பெட்டியில் இருந்தது யார் சாமான்? என் சீப்பு, என் பவுடர் டப்பா, என் சரிகைத் துண்டு. உங்களுடையது என்று ஒரு பனியன்கூட அதில் இருந்ததில்லை.

இனி பெங்களூர். மண்டி நண்பர்களே, இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பெங்களூர் போகவில்லை. காலையில் மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றி, தெருவே பார்க்கக் கிளம்பியது உண்மை. செஞ்சி போவதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போய்விட்டது. கோட்டையைப் பார்த்ததும், "மாமா, எறக்குங்க, செத்துருவேன்" என்று அழுதேன். மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. ரோட்டோரப் புளியமரத்து நிழலில் என்னைப் படுக்க வைத்து, சோடா வாங்கிக் கொடுத்தார். பிறகு வண்டியை மெதுவாகத் திருப்பி, வந்த வழியிலேயே மேல்சித்தாமூருக்குக் கொண்டுபோனார். அங்கே அவருக்கு மல்லாட்டை போடுகிற நயினார் வீடு இருந்தது. என் இடுப்பு நிமிர்கிறவரை அங்கேதான் தங்கினோம்.

நடுராத்திரியில் பெங்களூர் ஓட்டலில் வெள்ளிக் கரண்டியால் பிரியாணி தின்றதாகச் சொன்னேனே, அதுவும் பொய். நயினார்மார் சமணர்கள், அந்த வீட்டில் பொழுது சாய்வதற்குள் எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். வெளிச்சம் இருக்கும்போதே எங்களுக்கும் சோறு போட்டார்கள். பரிமாறிய நயினார் வீட்டு அம்மா, "வூட்டம்மாவ ஏங்க அழைச்சிக்கினு வர்ல? இந்தா இருக்குது திண்டிவனம்" என்றார்கள். நீங்கள், "அடுத்த தபா" என்றீர்கள் மாமா. சொல்லிவிட்டு வெளியே நின்ற வண்டியைப் பார்த்தீர்கள். நான் ரசம் கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா, "பெங்களூரு எப்படிங்க இருந்துது?" என்று ஆசையாகக் கேட்டாள். நீங்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "உன் தம்பியக் கேளு" என்றீர்கள். அன்றிலிருந்து எந்த ஊர் போய் வந்தாலும் உங்கள் பதில் அதுதான். உன் தம்பியக் கேளு. அவளும் என்னைத்தான் கேட்டாள். குளிரையும் பூந்தோட்டத்தையும் மாடிபஸ்ஸையும் நான் அளந்து அளந்து கொட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்பாள். நான் கெட்டிக்காரனாகப் பேசுகிறேன், அதனால் கேட்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

நேற்று வண்டியை விழுப்புரம் கொண்டுபோனேன். பாய்க்குத் தலை நரைத்துவிட்டது, ஆனாலும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பெட்டியைக் கழற்றி சேலை கார்டு மாட்டச் சொன்னதும் சிரித்தார். "இன்னா சார், இப்பத்தான் வூட்டம்மாவுக்கு மயக்கம் தெளிஞ்சுதா?"

"வூட்டுக்காரரு இல்ல பாய். போயிட்டாரு" என்றேன்.

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். மறுபடி எடுத்து, நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். முடிந்ததும் தன் முழு எடையோடு கால் தகட்டின் மேல் ஏறி நின்று பார்த்தார். "தாங்கும்" என்றார். அவ்வளவுதான்.

வண்டிச் சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, புதுக் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். சீட்டில் ஒரு கையை ஊன்றி, தகட்டில் ஒரு காலை வைத்துப் பார்த்தாள். வைத்த காலை எடுக்காமலே கேட்டாள்: "ஏண்டா, நீங்க நெசமா எதுவரைக்கும் போனீங்க?"

அவளுக்கு எப்போதிலிருந்து சந்தேகம் என்று தெரியவில்லை. எனக்குப் பொய் வாய் வரைக்கும் வந்தது மாமா, கிருஷ்ணகிரி என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அவள் கால் அந்தத் தகட்டில் இருந்தது. சொல்ல முடியவில்லை.

"செஞ்சி வரைக்கும்க்கா."

"செஞ்சி வரைக்குந்தானா?"

"ஆமாக்கா. அப்புறம் மேல்சித்தாமூர்ல நயினார் வூட்ல படுத்துக் கெடந்தோம்."

அவள் காலை இறக்கிக்கொண்டாள். "பெங்களூருன்னுதான்டா நானும் வரேன்னு கேக்கல. அவ்ளோ தூரம் ஒரு பொம்பள எப்படிப் போறதுன்னு இருந்துட்டேன். செஞ்சிக்கு நான் வந்திருப்பேனேடா."

அழவில்லை. உள்ளே போய்ச் சோற்றை வடித்தாள். தெருவில் போகிற யாராவது வந்து என்னைச் செருப்பால் அடித்துவிட்டுப் போகமாட்டார்களா என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்தே குரல் வந்தது. "வெள்ளிக்கெழமதானே அந்தப் பொண்ணு வருது? அதுக்கு முன்னாடி நான் ஒரு தபா அதுல குந்தணும். மேல்சித்தாமூருக்கு இட்டுக்கினு போ."

இத்தனைக்குப் பிறகும் என் வாய் சும்மா இருந்ததா? "உனக்கு மயக்கம் வருமேக்கா" என்றேன்.

"எவன் சொன்னான்?"

"நான்தான் சொன்னேன். சின்ன வயசுல திருக்கோயிலூர் பஸ்ஸுல..."

"அந்த பஸ்ஸுல வாந்தி எடுத்தது நீ! என் பாவாடை மேல எடுத்த. நான்தான் தொவைச்சேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள் மாமா. நீங்கள் போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் வாந்தியை அவள் பேரில் எழுதி, அவள் இடத்தில் நான் உட்கார்ந்து ஊர் சுற்றியிருக்கிறேன். இதற்கு என்ன பேர் வைப்பீர்கள்?

நாளைக் காலை கிளம்புகிறோம். என்னை நேர் ரோட்டில் மட்டும்தான் ஓட்ட விடுவீர்கள், அது எனக்கு மறக்கவில்லை. வளைவு வந்தால் மாட்டுவண்டி வேகத்தில்தான் போவேன். ரெட்டை ஹாரனை அழுத்த மாட்டேன். நயினார் வீட்டு அம்மாவிடம், "அடுத்த தபான்னு சொன்னாரே, இதோ" என்று சொல்லி அக்காவை முன்னால் நிறுத்துவேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டு, அப்படியே செஞ்சிக்கும் போய், நான் படுத்து அழுத புளியமரத்தையும் அவளுக்குக் காட்டுவேன்.

இன்னும் ஒரு சத்தியம் மாமா, எனக்கு இதுதான் கஷ்டமானது. திரும்பி வந்ததும் மண்டியில் எல்லோரும் சூழ்ந்துகொண்டு டூர் எப்படி இருந்தது என்று கேட்பார்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். உங்களைப் போலச் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்வேன்:

"எங்க அக்காவக் கேளுங்க."

இப்படிக்கு,
அக்காவின் இடத்தில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்த
உங்கள் மச்சினன் ஏகாம்பரம்